எவரோடு எவரை ஒப்பிடுவது?
பல்கலைக்கழக அனுமதியும் வன்னி மாணவரும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் மாணவனொருவன் கையில் இரண்டு வரிசையெண்கள் வந்து சேர்கின்றன. ஒன்று அகில இலங்கை நிலை. மற்றையது மாவட்ட நிலை. இவ்விரண்டின் வேறாக மூன்றாவது வரிசையெண் ஒன்றும் உண்டு. தன்னோடு ஒரே வாங்கில் இருந்து, ஒரே ஆசிரியரிடம் பாடங் கேட்டு, ஒரே ஆய்வுகூடத்திலோ ஆய்வுகூடம் இன்றியோ கற்ற தோழரிடையே தான் எத்தனையாவது என்பதே அது. அதனைப் பரீட்சைத் திணைக்களம் அச்சிடுவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அதனை நோக்குவதில்லை. ஆயின், அமெரிக்க நாட்டின் மாநிலமொன்றில் அம்மூன்றாவது எண்ணே 1997 முதலாகப் பல்கலைக்கழக வாயிலைத் திறந்து வருகின்றது. அம்முறையை நம் நாட்டு முறையோடு அருகில் வைத்து நோக்கி, வன்னிப் பெருநிலத்து மாணவருக்கு அதனால் யாது பயன் என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். விழா மலரொன்றிற்கு இது தகுமோ எனச் சிலர் வினவலாம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இவ்வரிசையெண்களின் வழியே வாழ்வு கண்டவர். வேறு பலர் அவற்றாலேயே வாயிலில் தடுக்கப்பட்டவர். ஆதலின் இதனினும் தக்க பொருள் வேறில்லை என்பது எம் கருத்து.

தமிழ் கற்பிப்போர் ஆதலின் முதலிற் சொல்லை நோக்குவோம். மேற்கூறிய பரீட்சையின் நீண்ட பெயரிலே 'தரம்' என்னுஞ் சொல் இருமுறை வந்துள்ளது. தராதரம் என்பதற்கு ஏற்றத்தாழ்வு எனும் பொருளும் உண்டென்பதை மாணவர் அறிவாராக. 'தரப்படுத்தல்' என்னும் சொல்லோ, புள்ளிவிபரவியலில் வெவ்வேறு அளவுகோலால் அளந்தவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொணர்தல் என்னும் பொருளில் வழங்கும் கலைச்சொல்லாகும். தமிழர் நெஞ்சில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. இன்று வழங்கும் இசற் புள்ளி முறையும் கணித நோக்கில் ஒரு தரப்படுத்தலே. எனினும் அதனை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. சொல்லொன்று காயப்பட்டுவிட்டால் நல்ல பொருளுக்கும் அதனை எடுத்தாள நாக் கூசும் போலும்.

அக்காயம் நேர்ந்தது 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது. அவ்வாண்டிலே பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக விதிக்கப்பட்டன. மருத்துவத்திற்கு அவை முறையே 229, 250 ஆக இருந்தன. வினாத்தாளின் மொழியே பிரிகோடாயிற்று. பின்னர் 1973 இல் மொழிமூல வாரியான தரப்படுத்தலும், 1974 இற் குடித்தொகை அடிப்படையிலான மாவட்டப் பங்கும் வந்தன. இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுதல் நம்மவர் வழக்கம். நாம் அவற்றைப் பிரித்தே நோக்கல் வேண்டும். மொழிவழிப் பிரிவு ஒரு மாணவனை அவன் பேசும் மொழிக்காகத் தண்டித்தது. மாவட்டவழிப் பிரிவோ அவன் கற்ற இடத்தின் குறையைக் கணக்கில் எடுக்க முயன்றது. முன்னையது அநீதி என்பதில் ஐயமில்லை. பின்னையதைப் பற்றி வன்னியார் பேசும்போது சற்றுத் தயங்குவர். தயக்கத்திற்குக் காரணமுண்டு. யாழ்ப்பாண மாவட்டத்து மாணவருக்குப் பேரிழப்பாய் அமைந்த அம்மாவட்டப் பங்கு, மன்னார், வவுனியா மாவட்டத்து மாணவர் சிலருக்கு முன்னர் ஒருபோதும் திறவாத கதவைத் திறந்தது. ஒரே மக்களின் ஒரு பகுதியினரை வருத்திய விதி மற்றொரு பகுதியினருக்குத் துணையாயிற்று. இவ்வுண்மையை மறைத்துப் பேசுவதால் எவருக்கும் பயனில்லை.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று கிளிநொச்சிக்கு உண்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இலேதான். முல்லைத்தீவு மாவட்டம் 1978 இல், பெரும்பாலும் வவுனியா மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவாயிற்று. ஆகவே 1974 இல் உருத்திரபுரத்திலோ வட்டக்கச்சியிலோ பூநகரியிலோ கற்ற பிள்ளை, அரசாங்கக் கணக்கின்படி யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளை. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறிய கமக்காரனின் மகன், யாழ்ப்பாண நகரத்துப் புகழ்பெற்ற கல்லூரிகளின் மாணவரோடு ஒரே தட்டில் நிறுக்கப்பட்டான். மொழியாலும் இழந்தான், மாவட்டத்தாலும் இழந்தான். அவனிலிருந்து சில கட்டை தொலைவில், அன்றைய வவுனியா மாவட்ட எல்லைக்கு அப்பால் இருந்த பிள்ளைக்கோ அதே விதி கைகொடுத்தது. இரு பிள்ளைகளின் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே வேறுபாடு அதிகமில்லை. நிலப்படத்திலே ஒரு கோடு மட்டுமே வேறுபாடு. எவரோடு எவரை ஒப்பிடுவது என்னும் வினாவின் முழுவலிமையும் இவ்வெடுத்துக்காட்டிற் புலப்படும்.

அக்காலத்தின் பின் முறைகள் பல மாறின. 1979 இல் அனுமதி இடங்களுள் நூற்றுக்கு 30 அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டப் பங்கிற்கும், 15 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டது. அது மாறி மாறி இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40, 55, 5 என நிற்கின்றது. கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கும் உள. ஒருகாலத்தில் முன்னேறிய மாவட்டமென எண்ணப்பட்ட யாழ்ப்பாணமும் இப்பட்டியலில் இடம்பெற்றிருத்தல் போரின் கொடுமையைக் காட்டும்.

இனி இசற் புள்ளியை நோக்குவோம். 2001 ஆம் ஆண்டளவில் இது நடைமுறைக்கு வந்தது. மாணவர் பலர் இதனை மந்திரம் போல அஞ்சுகின்றனர். இது எளிய கணக்கே. ஒரு பாடத்தில் நாடெங்கும் எழுதியோரின் இடைப்புள்ளி 40, நியம விலகல் 15 எனக் கொள்வோம். அப்பாடத்தில் 70 பெற்றவன் இடையிலிருந்து 30 புள்ளி உயர்ந்துள்ளான். அதனை 15 ஆற் பிரிக்க 2 வரும். வேறொரு பாடத்தில் இடை 55, நியம விலகல் 10 ஆயின், அதே 70 புள்ளிக்குக் கிடைப்பது 1.5 மட்டுமே. முன்னையது கடினமான தாள். ஆதலின் அதில் 70 பெற்றதற்கு மதிப்பு மிகுதி. இவ்வாறு மூன்று பாடங்களுக்கும் கண்டு, அவற்றின் சராசரியை எடுப்பின் அதுவே மாணவனின் இசற் புள்ளி. பாடங்களுக்கு இடையேயுள்ள கடினத்தை இம்முறை ஈடுசெய்கின்றது. மாணவருக்கு இடையேயுள்ள கடினத்தை இது தொடுவதேயில்லை. தொடுதற்கென இது ஆக்கப்படவுமில்லை. 2009 ஆவணியிலே செட்டிகுளத்து நலன்புரி முகாம்களில் இருந்த பிள்ளைகள், அங்கேயே அமைக்கப்பட்ட நிலையங்களில் உயர்தரப் பரீட்சை எழுதினர். அவர்களுடைய விடைத்தாளும் நாட்டின் இடைப்புள்ளியோடுதான் ஒப்பிடப்பட்டது.

ஒப்பீடு பிழைத்தால் அளவையும் பிழைக்கும் என்பதை நீதிமன்றமே ஒருமுறை எடுத்துக் கூற நேர்ந்தது. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுதினர். இருசாராரையும் ஒன்றாகக் கலந்து இசற் புள்ளி கணிக்கப்பட்டது. அதனால் எழுந்த வழக்கிலே 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்காது, இருசாராருக்கும் வேறுவேறாகக் கணிக்கும்படி பணித்தது. வெவ்வேறு தாள் எழுதியோரை ஒரே கூட்டமாகக் கொள்ளல் தகாது என்பதே தீர்ப்பின் சாரம். வெவ்வேறு வகையான பள்ளிகளிற் கற்றோரை ஒரே கூட்டமாகக் கொள்ளலாமோ என்னும் வினாவோ இன்னும் எஞ்சியே நிற்கின்றது.

மாவட்டப் பங்கு இருக்கின்றதே, அது போதாதோ எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கற்கைநெறிக்கு 1000 இடங்கள் உள்ளன எனக் கொள்க. அவற்றுள் 550 இடங்கள் குடித்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பங்கிடப்படும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மொத்தத் தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சத்து 60 ஆயிரம். முல்லைத்தீவின் தொகை 92,238, கிளிநொச்சி 113,510, வவுனியா 172,115. இவ்விகிதப்படி முல்லைத்தீவிற்கு இரண்டரை இடமும், கிளிநொச்சிக்கு மூன்று இடமும், வவுனியாவிற்கு நாலரைக்குச் சற்று மேலும் வரும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களையும் அவ்வாறே பங்கிடின், முல்லைத்தீவிற்கு மேலும் அரை இடம் சேரும். முழு எண்ணாக்கும் விதிகளால் நடைமுறையிற் சிறிது வேறுபடலாம். ஆயினும் அளவு இதுவே. ஆயிரத்தில் மூன்று! தலையெண்ணிப் பங்கிடும் முறையிலே, தலைகள் சிதறிப்போன நிலத்திற்குக் கிடைப்பது இதுதான். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எடுக்கப்படவே இல்லை என்பதையும் இங்கே நினைவூட்டல் தகும்.

அம்மூன்று இடங்களும் எவருக்குச் செல்கின்றன? இங்கேதான் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா எழுகின்றது. மாவட்டம் என்பது ஒரே தன்மைத்தான நிலமன்று. நகரத்துப் பாடசாலைக்குப் பௌதிகத்திற்கும் இரசாயனத்திற்கும் இணைந்த கணிதத்திற்கும் ஆசிரியர் உளர், மாலையில் ரியூசன் வகுப்புகள் உள, பேருந்து உண்டு. துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, பூநகரி ஆகிய பகுதிகளின் உட்கிராமத்துப் பாடசாலையிலோ ஓராசிரியர் மாற்றலாகிப் போயின் அப்பாடம் அவ்வாண்டு முழுவதும் நின்றுவிடும். அங்குள்ள கெட்டிக்காரப் பிள்ளை சாதாரணதரம் முடித்தவுடன் நகரத்திற்கு வந்து, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படிக்கின்றது. வர இயலாத பிள்ளை அங்கேயே கலைப்பிரிவிற் சேர்கின்றது, அல்லது வயலுக்குப் போகின்றது. மாவட்டப் பங்கு பின்தங்கிய மாவட்டத்தின் முன்னேறிய பாடசாலைக்கே பெரும்பாலும் பயன்படுகின்றது எனின் அது மிகையன்று. நகரத்துக் கல்லூரியாகிய நாமும் அப்பயனைப் பெற்றவர்களே.

இவ்விடத்தில் ரெக்சாஸ் மாநிலத்து முறையை எடுத்துக்கொள்வோம். அங்கே 1996 இல் வழங்கிய நீதிமன்றத் தீர்ப்பொன்று, பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருதலாகாது எனத் தடுத்தது. கறுப்பின மாணவரும் ஸ்பானிய வழியினரும் தொகையிற் குறைவர் என அஞ்சிய சட்டமன்றம் 1997 இல் ஒரு சட்டம் செய்தது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலாயினும் தன் வகுப்பில் முதல் நூற்றுக்குப் பத்துப் பேருள் வருபவர், மாநில அரசின் பல்கலைக்கழகங்களிற் சேர உரிமை பெறுவர் என்பதே அச்சட்டம். பள்ளி செல்வர் நகரத்ததாயினும் சரி, மாட்டுப் பண்ணைகள் சூழ்ந்த சிற்றூரினதாயினும் சரி, வரிசையே நோக்கப்படும். முன்னர் ஒருவரையேனும் அனுப்பாத பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகள் ஒஸ்ரின் நகரத்துத் தலைமைப் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தனர். கலிபோர்னியாவும் 2001 இல் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் நூற்றுக்கு நான்கு பேருக்கு இத்தகைய வழியொன்றை வகுத்து, பின்னர் அதனை ஒன்பதாக்கிற்று.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழாமல் இல்லை. கடுமையான போட்டியுள்ள பள்ளியிற் பதினைந்தாமவனாய் வந்தவன், எளிய பள்ளியில் முதல்வனாய் வந்தவனை விடக் கற்றவனாய் இருக்கலாமே என்பது முதல் வாதம். இதனை நாம் மறுக்கவில்லை. 'கற்றது எவ்வளவு' என்பது ஒரு வினா. 'கிடைத்ததைக் கொண்டு கற்றது எவ்வளவு' என்பது வேறொரு வினா. பல்கலைக்கழகம் முன்னையதையே கேட்டுப் பழகிவிட்டது. இரண்டாவது வாதம் இடநெருக்கடி. ஒஸ்ரினில் வரிசைவழி வருவோரே இடங்களையெல்லாம் நிரப்பும் நிலை தோன்றவே, 2009 இல் அவர்களுக்கு நூற்றுக்கு 75 என வரம்பு கட்டினர். பத்து என்பது அப்பல்கலைக்கழகத்திற்கு மட்டும் ஆறாகி, 2026 ஆம் ஆண்டு அனுமதிக்கு ஐந்தாகக் குறைந்தது. மூன்றாவது, மக்களின் தந்திரம். வரிசையில் முன்னிற்கும் பொருட்டுச் சில குடும்பத்தார் போட்டி குறைந்த பள்ளியைத் தேடிப் பிள்ளையைச் சேர்த்தனர் என ஆராய்ந்தோர் கண்டனர். இது நமக்குப் புதிதன்று. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தை நாடிப் பரீட்சைக்கு முன் இடம்மாறும் பிள்ளைகளைத் தடுக்கவே, எம்மாவட்டப் பாடசாலையில் எத்துணைக் காலம் கற்றார் என்பதை ஆணைக்குழு விசாரிக்கின்றது.

நான்காவது வாதமே ஆசிரியராகிய எம்மை மிகவும் கலக்குவது. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது பள்ளி ஆசிரியர் இடும் புள்ளி. நம் ஊரிலே அவ்வதிகாரம் ஆசிரியர் கையில் வருமாயின், பெற்றோர், உறவினர், கோயில் தருமகர்த்தா, ஊர்ப் பெரியவர் எல்லாரும் வீட்டு வாயிலில் நிற்பர். பத்தாம் இடத்திற்கும் பதினோராம் இடத்திற்கும் இடையே ஒரு பிள்ளையின் வாழ்வே தொங்குமாயின், எத்தனை ஆசிரியர் கை நடுங்காது புள்ளியிடுவர்? ஆகவே வரிசை பள்ளியினுள்ளே எடுக்கப்படினும், அளவுகோல் நாட்டுப் பொதுப் பரீட்சையின் இசற் புள்ளியாகவே இருத்தல் வேண்டும். மொத்தத்தில் அம்முறையை அப்படியே இங்கு நடுதல் இயலாது. அங்கே நிகழ்வது பல்கலைக்கழகத்தினுள் நுழைவதற்கான உரிமை. இங்கே போட்டி மருத்துவம், பொறியியல் எனக் குறித்த துறைகளுக்கே. அங்கே இடம் மிகுதி. இங்கே தகுதிபெறுவோரிற் சிறுபகுதியினருக்கே இடமுண்டு.

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததொன்று நமக்கு இன்னும் அண்மையான எடுத்துக்காட்டு. அங்கே 'நீட்' என்னும் இந்தியப் பொது நுழைவுத் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளில் அரிதாயினர். 2020 இல் மாநில அரசு, ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே கற்று, அத்தேர்விலும் தகுதிபெற்றோருக்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5 ஒதுக்கிச் சட்டமியற்றிற்று. அடுத்த ஆண்டிலே பொறியியல் முதலிய தொழிற்கல்விகளுக்கும் அத்தகைய சட்டம் வந்தது. பிறந்த ஊரோ மாவட்டமோ அன்றி, கற்ற பள்ளியின் வகையே அங்கு அலகாகக் கொள்ளப்பட்டமை காண்க. ஏழாண்டுக் கல்வி என்னும் நிபந்தனையால் இறுதி ஆண்டில் இடம்மாறும் தந்திரமும் அடைபட்டது.

இனி நம் நிலத்திற்கு வருவோம். பள்ளிவழி வரிசைக்கு ஒரு பெருந்தடை உண்டு. நம் நாட்டுப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, இரண்டாம் வகை, மூன்றாம் வகை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி மட்டுமே. 1சி பாடசாலையிற் கலையும் வர்த்தகமும் உண்டு. இரண்டாம் வகையில் உயர்தரமே இல்லை. விஞ்ஞானப் பிரிவே இல்லாத பள்ளியில் விஞ்ஞானத்தில் முதல்வன் எவன்? வரிசை எடுப்பதற்கு வரிசையே இல்லை. எந்த அனுமதி முறையும், எத்துணை இரக்கமுடையதாயினும், பதினோராம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையைத் தேடிச் செல்லாது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் எழுந்துள்ளன. வவுனியா வளாகம் 2021 ஆவணி முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பீடம் ஊருக்குள் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே மாடு மேய்க்கும் பிள்ளையின் பள்ளியில் இணைந்த கணித ஆசிரியர் உளரா என்பது வேறு கணக்கு.

ஆதலின் எம் கருத்து இது. மாவட்டப் பங்கு இருக்கவேண்டும். அதனைக் குறைத்து முழுதும் திறமைக்கே விடல் வேண்டும் என்போர் வன்னிக்கு ஆயிரத்தில் மூன்றையும் மறுப்பவராவர். ஆயின், பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த நூற்றுக்கு ஐந்தின் பங்கீட்டில் மாவட்டத்தோடு நிற்காது பள்ளிவரை இறங்கிச் செல்லலாம். முன்காட்டிய கணக்கின்படி 1000 இடங்களுக்கு வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கிற்கும் இப்பகுதியிற் கிடைப்பது கூட்டாக மூன்று இடம். தனித்தனியே பிரித்தால் அரையும் முக்காலுமாய்க் கரைந்துபோகும் அதனை ஒன்றாகச் சேர்த்து, அண்மைய ஐந்து ஆண்டுகளில் அத்துறைக்கு எவரையும் அனுப்பாத பாடசாலைகளின் முதல்வருக்கு, வேண்டிய குறைந்தபட்சத் தகுதி பெற்றிருப்பின், வழங்கலாம். ஆறாம் வகுப்பு முதல் அப்பாடசாலையிலோ அதன் அயற்பாடசாலையிலோ கற்றிருத்தல் நிபந்தனையாகலாம். அவ்வாறு செல்லும் பிள்ளை, ஆங்கிலத்தில் நடைபெறும் விஞ்ஞான விரிவுரைகளின் முன் முதலாண்டிலே திணறும் என்பதும் உண்மை. நகரத்துப் பிள்ளையும் திணறுகின்றது, அளவுதான் வேறு.

இதனை ஏற்பின் நம் கல்லூரி இழக்கும். ஓராண்டில் ஒன்றோ இரண்டோ இடம் நம் மாணவரை விட்டு ஒட்டுசுட்டானுக்கோ முழங்காவிலுக்கோ செல்லும். அதனை அறிந்தே இதனை எழுதுகின்றோம்; பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கோபித்தல் கூடும். ஆயினும் அவர்களிடையே கணித ஆசிரியரும், புள்ளிவிபர உத்தியோகத்தரும், நிருவாக சேவையினரும் உளர். எப்பாடசாலையிலிருந்து எவ்வாண்டில் எத்துறைக்கு எத்தனை பேர் சென்றனர் என்னும் குறிப்புகளை அதிபர்களிடமும் வலயக் கல்விப் பணிமனைகளிலும் கேட்டுப் பெறலாம். நம் கல்லூரியின் பட்டியலைத் துணுக்காய் வலயத்துப் பட்டியலோடும் வவுனியா வடக்கு வலயத்துப் பட்டியலோடும் பக்கத்திற் பக்கமாய் வைத்து, பத்தாண்டுக் கணக்கொன்றை அவர்கள் எடுப்பாராயின், கல்லூரியின் அடுத்த மலரில் அதனை வெளியிட இடம் ஒதுக்கும்படி மலர்க்குழுவினரை நாமே கேட்போம்.